போரிக் பொடியும் வெள்ளை மணலும்

கோவையில் கணபதிப் பக்கம் வளர்ந்த எங்களுக்குப் போரிக் பொடி என்பது முதலில் கேரம் பலகைக்கு உரிய பொருள். கடையில் சின்ன டப்பாவில் விற்கும். காசு கேட்டால் அம்மாவிடம் வசவுதான் கிடைக்கும். அய்யன் வேலை பார்த்த பவுண்டரியிலோ அது மூட்டையாகவே கிடந்தது. தூக்குப்போசியில் சோறு கொண்டுபோகும் சாக்கில் ஆளுக்கொரு பிடி கால்சட்டைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவோம்.

அய்யனுக்கு லைனிங் அடிக்கும் வேலை. இண்டக்சன் பர்னஸில் வெளியே தண்ணீர் ஓடும் செப்புக் காயில். உள்ளே 1,400 பாகைக்கு மேல் கொதிக்கும் இரும்பு. நடுவே சில அங்குல மணற்சுவர். (சேலத்து வெள்ளைக்கல்லைச் சுட்டுச் செய்யும் செங்கல் எஃகு உலைகளுக்கு, வார்ப்பிரும்புக்குச் சிலிக்காவே போதும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு.) குவார்ட்ஸ் கல்லை உடைத்துச் சலித்த அந்த மணலில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு போரிக் அமிலம் கலப்பார்கள். சூடேறும்போது அது தன்னுள் இருக்கும் நீரை விட்டுவிட்டு, 450 பாகை அளவில் உருகி, மணற்பரல்களுக்கிடையே கண்ணாடிப் பசையாய்ப் படரும். 1,700 பாகை வரை உருகாத மணலை வெகு முன்பே இறுகச் செய்வது அந்த ஒரு பங்குதான். குறைந்தால் சுவர் இறுகாது. கூடினால் சுவர் அரிபடும். அதைவிடக் கேடு, முழுக் கனமும் ஓடாய் இறுகிவிடும். காயிலை ஒட்டிய மணல் உதிரியாகவே இருந்தால்தான் விரிசல் அங்கே வந்து நிற்கும்.

இதெல்லாம் பின்னாளில் படித்தது. அய்யன் சொன்னது வேறு மாதிரி: "ரசத்துக்கு உப்புப் போடற மாதிரிதான் சாமி. ஆனா இதுல ருசி பாத்துட்டுச் சேத்த முடியாது."

ஒருநாள் மூட்டை காலி. தட்டில் நிறுத்து வைத்திருந்ததிலிருந்தே அள்ளிவிட்டோம். கலக்குமுன் மறுபடி நிறுப்பது அவர் வழக்கம், குறைந்தது தெரிந்துவிட்டது. இரவு வீடு வந்தவர் அடிக்கவில்லை. திண்ணையில் கரித்துண்டால் காயில், சுவர், இரும்பு என்று மூன்று வட்டம் போட்டார். "இந்தத் தண்ணியும் இந்த இரும்பும் சேந்தா, மேல கூரை இருக்காது. கீழ நான் இருக்க மாட்டேன்." அன்றுமுதல் முகப்பவுடர் தூவித்தான் ஆடினோம். காய் நகரவே நகராது.

அம்மாவுக்கோ போரிக்கின் பெயரில் இருந்த 'ஆசிட்' மீதுதான் அச்சம். அய்யன் வந்ததும் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வாள். அவர் புருவத்திலும் சட்டையிலும் மாவுபோல் படிந்திருந்த வெள்ளைத் தூசியை வாசலில் உதறிவிட்டுத் துவைக்கப் போடுவாள். நாங்கள் அங்கேயே விளையாடிக்கொண்டிருப்போம். அது வெறும் மணல்தானே.

இருமல் வந்தபோது காசநோய் என்றார்கள். இருமுறை மாத்திரைகளை முழுவதும் தின்று முடித்தார். மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர்தான் என்ன வேலை என்று கேட்டார். சிலிக்கோசிஸ். நுரையீரலில் ஏறிய மணல் இறங்காது, மருந்தும் இல்லை. அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்களில் ஒன்றாக 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே அது இருந்திருக்கிறது. போரிக்கை இருமுறை நிறுத்த மனிதருக்கு ஒரு முகமூடி கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை.

போரிக் கலந்தே வரும் மூட்டைகள் இப்போது கிடைக்கின்றன. போன மாதம் தம்பி மகனுக்காகப் பரணிலிருந்து கேரம் பலகையை இறக்கினோம். அவன் டப்பாவைத் திறந்து பொடி தூவியதைப் பார்த்து அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தாள்: "கண்ணு, கையக் கழுவிட்டுச் சோத்துக்கு வா. அது ஆசிட்டு."