சென்னையிலிருந்தே தெரிந்தது உத்தமபாளையம் திண்ணை! - பெரியம்மா வீட்டு ரவுட்டரில் நான்கு பாதை போட்ட கதை

உத்தமபாளையத்தில் எங்கள் பெரியம்மா வீட்டுக்கு வருவது ஒரே ஒரு ஃபைபர் லைன்தான். ஆனால், அதில் தொங்கிக்கொண்டிருக்கும் ஆட்களை எண்ணினால் ஒரு மினி பஸ் நிரம்பிவிடும். தெருப்பக்கம் பெரியப்பா நடத்தும் ஜெராக்ஸ், ஆன்லைன் சென்டர். அதை ஒட்டித் திண்ணையும் வீடும். ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்க வரும் ஹவுதியா கல்லூரி மாணவர்கள், சிட்டா எடுக்க வரும் விவசாயிகள், ‘அண்ணே, வைஃபை பாஸ்வேர்டு என்ன?’ என்று கேட்டுவிட்டு ரீல்ஸ் பார்க்க உட்கார்ந்துவிடும் பொடியன்கள்... எல்லோருக்கும் ஒரே ரவுட்டர், ஒரே பாஸ்வேர்டு. அந்த பாஸ்வேர்டும் பெரியப்பாவின் செல்போன் நம்பர். கடை போர்டிலேயே பெரிதாக எழுதியிருக்கும்.

இதே ரவுட்டரில்தான் நான்கு கேமராக்களின் டி.வி.ஆர் பெட்டியும் செருகியிருந்தது. கேமரா வைக்கச் சொன்னது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி, பெரியம்மாவின் ஒரே மகன். கடை வாசலில் ஒன்று, கல்லாவுக்கு மேலே ஒன்று, திண்ணையைப் பார்த்து ஒன்று, வீட்டுக் கூடத்துக்குள் ஒன்று. ‘அங்கிருந்தே எனக்குத் தெரியணும்’ என்று அவன் கேட்டான். மாட்ட வந்தவர் அதைச் செய்துகொடுத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டதைச் செய்தார், காசை வாங்கினார், போய்விட்டார். எப்படிச் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை.

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில், ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. பெண்களைப் பரிசோதிக்கும் அறையின் காட்சிகள். சென்னையில் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் அந்தச் செய்தியைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா வீட்டுக் கூடம் ஞாபகத்துக்கு வந்தது. தம்பிக்கு வாட்ஸ்அப் போட்டு, அவன் எந்த முகவரியில் கேமரா பார்க்கிறான் என்று கேட்டேன். அனுப்பினான். என் போனில், ஆபீஸ் வைஃபையை அணைத்துவிட்டு, சாதாரண பிரவுசரில் தட்டினேன். டி.வி.ஆரின் லாகின் பக்கம் வந்து நின்றது. யூசர் பெயர் அட்மின். பாஸ்வேர்டு, பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அதே எண்கள்.

பெரியம்மா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. நான் பார்க்கிறேன் என்றால் யாரும் பார்க்கலாம். அடுத்த சனிக்கிழமை காலை ஊரில் இருந்தேன்.

இங்கே ‘போர்ட்’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு அர்த்தம். ரவுட்டரின் பின்பக்கம் ஒயர் செருகும் ஓட்டையும் போர்ட்தான். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத எண். உத்தமபாளையம் தாலுகா ஆபீஸுக்கு முகவரி ஒன்றுதான். உள்ளே போனால் சான்றிதழுக்கு ஒரு கவுன்ட்டர், பட்டாவுக்கு ஒரு கவுன்ட்டர். அப்படித்தான் ஒரு ஐ.பி முகவரிக்குள் 0 முதல் 65,535 வரை எண்ணிட்ட கவுன்ட்டர்கள். சாதாரண வலைப்பக்கத்துக்கு 80, பூட்டுப் போட்ட வலைப்பக்கத்துக்கு 443, கேமரா வீடியோவுக்குப் பெரும்பாலும் 554. வெளியிலிருந்து யாராவது வந்து தட்டினால், ரவுட்டர் பொதுவாகத் திறக்காது. ‘80-ல் தட்டினால் டி.வி.ஆரிடம் அனுப்பு’ என்று நாமே சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். தம்பிக்காகத் திறந்த கதவு அது. கதவுக்குத் தம்பி யார், மற்றவர் யார் என்று தெரியாது.

திறந்த கதவுகளை மனிதர்கள் உட்கார்ந்து தேடுவதில்லை. புரோகிராம்கள் இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. 2016-ல் ‘மிராய்’ என்ற புரோகிராம் இப்படித்தான் உலகம் முழுக்கக் கேமராக்களையும் டி.வி.ஆர்களையும் பிடித்தது. பெரிய மந்திரமெல்லாம் இல்லை. 60-க்கும் மேற்பட்ட தொழிற்சாலை யூசர் பெயர் - பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இப்படிப் பிடிபட்ட பெட்டிகள் எல்லாம் சேர்ந்து ‘டின்’ என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தள்ளாடின. மிராயை உருவாக்கியது மூன்று இளைஞர்கள். அடுத்த ஆண்டு கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

முதல் பத்து நிமிட வேலை எளிது. ரவுட்டருக்குள் போய் அந்த ஃபார்வர்டிங் வரிகளை அழித்தேன். யூ.பி.என்.பி என்று ஒரு வசதி இருக்கும். வீட்டிலிருக்கும் எந்தப் பெட்டியும் நம்மைக் கேட்காமலேயே போர்ட்டைத் திறந்துகொள்ள அது அனுமதிக்கும். அதையும் அணைத்தேன். ரவுட்டர், டி.வி.ஆர் இரண்டுக்கும் பாஸ்வேர்டு மாற்றினேன்.

கால் மணி நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து போன்.

“அக்கா, கேமரா வரலக்கா. அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?”

அந்தக் குரலை நான் எதிர்பார்க்கவில்லை. பெரியம்மாவிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு விளக்கேற்றிவிட்டுத் திண்ணைக்கு வந்து, கேமராவுக்கு நேராகப் பத்து நிமிஷம் உட்காருவாராம். அவனுக்கு அப்போது மணி ஒன்பதரை. போனில் பேசிக்கொள்வதெல்லாம் இல்லை. “அவன் பாத்தா பாத்துட்டுப் போறான். நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன்” என்றார். ‘பாதுகாப்பு’ என்று கதவைச் சாத்திவிட்டுக் கிளம்புவதாக இருந்தால், அந்தப் பத்து நிமிஷத்தையும் சேர்த்துத்தான் சாத்த வேண்டியிருக்கும்.

ஆக, இரண்டு வேலை. தம்பிக்கு மட்டும் வழி வேண்டும். டி.வி.ஆர், கடைக் கம்ப்யூட்டர், வீட்டு போன்கள் எல்லாம் ஒரே கூடத்தில் படுத்துக்கிடப்பதையும் பிரிக்க வேண்டும். கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென் டிரைவைச் செருகுகிறார்கள்! 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ வைரஸ் ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால், அதே நெட்வொர்க்கில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களை 445 என்ற போர்ட் வழியாகத் தேடிப்போய்ப் பூட்டியது. பெரியப்பாவின் கடைக் கம்ப்யூட்டரில் ஊர்க்காரர்களின் ஆதார் நகல்கள் இருக்கின்றன. வைஃபை கேட்ட பொடியனின் போனும் அதே நெட்வொர்க்கில்.

பிரிப்பதற்குப் பெயர்தான் வி-லேன். ஒரே ஒயர், ஒரே பெட்டி. ஆனால் உள்ளுக்குள் தனித்தனி நெட்வொர்க். 1980-களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்கோஸ்கி என்ற பொறியாளர் வேலை பார்த்தபோது பிறந்த யோசனை, 1998-ல் ஐ.இ.இ.இ அதை 802.1க்யூ என்ற பொது விதியாக்கியது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லத் திராட்சைப் பெட்டி போதும். (கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைக்குச் சொல்லி வைக்கிறேன்.) நாலு தோட்டத்துப் பெட்டிகள் ஒரே லாரியில் போகின்றன. கலந்துவிடாதா? பெட்டி மேல் ஆளாளுக்கு அடையாளம் போட்டுவிட்டால் கலக்காது. இறக்கும் இடத்தில் அடையாளத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம். வி-லேனிலும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் மீதும் 4 பைட் அளவில் ஒரு அடையாளம் ஒட்டப்படுகிறது. அதில் 12 பிட் எண்ணுக்கானது. அதனால் 4,094 எண்கள் பயன்படுத்தலாம். லாரி ஓடும் ஒயர்தான் ட்ரங்க் போர்ட். தோட்டத்துக்குள் பிரியும் ஒற்றையடிப் பாதை ஆக்சஸ் போர்ட். அங்கே அடையாளத்தை உரித்துவிட்டுத்தான் பெட்டி உள்ளே போகும். பிரின்டருக்கோ டி.வி.ஆருக்கோ தான் எந்த வி-லேனில் இருக்கிறோம் என்றே தெரியாது.

இதற்கு ஃபைபர்காரர் கொடுக்கும் ரவுட்டர் போதவில்லை. வி-லேன் தெரிந்த ஒரு ரவுட்டரும், ‘மேனேஜ்டு’ வகை எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்றும் வாங்கினோம். சாதாரண ஸ்விட்ச்சுக்கு இந்தப் பிரிவினை தெரியாது. கடைக்காரர் ‘ரெண்டும் ஒண்ணுதான் மேடம்’ என்றால் நம்பாதீர்கள்.

பழைய ரவுட்டரை பிரிட்ஜ் மோடுக்கு மாற்ற ஃபைபர் அண்ணன் வந்தார். ஒரு காலத்தில் எங்கள் தெருவுக்கு கேபிள் டி.வி இழுத்தவர். வேலையை ஆரம்பிக்கும்போதே எச்சரித்தார்.

“பாப்பா, நீங்க உள்ள என்ன வேணா பண்ணுங்க. வெளியிலேர்ந்து வர்ற வி-லேன் நம்பர் ஒண்ணு இருக்கு, நெட்டுக்குத் தனி, போனுக்குத் தனி. அத மட்டும் தொட்டுறாதீக. தொட்டா லைன் செத்துரும். நாந்தான் மறுபடி வரணும்.”

வி-லேன் என்றால் ஏதோ பெரிய கம்பெனி விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே தெருக் கம்பத்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நான்காகப் பிரித்தேன். 10 வீடு, 20 கடை, 30 கேமரா, 40 வருவோர் போவோர். வீட்டுக்கு 192.168.10 என்று தொடங்கும் முகவரிகள், கடைக்கு 192.168.20, இப்படியே. மூன்றாவது எண்ணைப் பார்த்தாலே எது எந்தக் கூட்டம் என்று தெரியும். ஸ்விட்ச்சின் 1-ம் போர்ட் ரவுட்டருக்குப் போகும் ட்ரங்க். 2 முதல் 4 வரை கடை. 5 வீடு. 6 டி.வி.ஆர். வைஃபைக்கு இரண்டு பெயர்: ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று பொடியன்களுக்கு.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். உங்கள் லேப்டாப் எந்த போர்ட்டில் செருகியிருக்கிறதோ, அதன் அமைப்பைக் கடைசியாக மாற்றுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கதையாகிவிடும். இரண்டாவது, வி-லேன் போட்டுவிட்டால் எல்லாம் பிரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பல ரவுட்டர்கள் ஒரு வி-லேனிலிருந்து இன்னொன்றுக்கு அவையே வழி விட்டுவிடும். ஃபயர்வாலில் தனியாக விதி எழுத வேண்டும். நான் எழுதியவை: வீட்டிலிருந்து கேமராவைப் பார்க்கலாம், கேமராவிலிருந்து யாரையும் பார்க்க முடியாது, இணையத்துக்கும் போக முடியாது, 40-ல் இருப்பவர்களுக்கு இணையம் மட்டும். பிறகு பொடியன் ஒருவனின் போனை வாங்கி டி.வி.ஆரைத் தேடச் சொன்னேன். கிடைக்கவில்லை. ‘நெட் ஸ்லோவா இருக்குக்கா’ என்று மட்டும் புகார் சொன்னான்.

இவ்வளவும் எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. கடை இல்லாத வீடு என்றால், இருக்கும் ரவுட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ வசதியை ஆன் செய்து, விருந்தாளிகளையும் ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் டி.வி வகையறாக்களையும் அதில் விட்டாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

தம்பிக்கான வழிக்கு, ரவுட்டரிலேயே இருந்த வயர்கார்டு வி.பி.என் உதவியது. இதற்கும் ஒரு போர்ட்டைத் திறக்கத்தான் வேண்டும். ஆனால், சரியான சாவி இல்லாமல் தட்டுகிறவர்களுக்கு அது பதிலே சொல்லாது; அங்கே கதவு இருப்பதே தெரியாது. சாவி தம்பியின் போனில் மட்டும். இந்த முறைக்கு வீட்டு லைனுக்குத் தனிப் பொது முகவரி இருக்க வேண்டும். பழைய முறை ஐ.பி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான் என்பதால், பல நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. அப்படிப்பட்ட லைனில் இது நடக்காது. எங்களுக்கு நடந்தது.

“முன்னாடி கேமரா ஆப்ப மட்டும் தொட்டா போதும். இப்போ ரெண்டு தடவ தொடணுமாக்கா?” என்று சலித்துக்கொண்டான். ஆமாம் என்றேன். பேசாமல் தொட்டான். படம் வந்தது.

அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் என் லேப்டாப்பைத் திருப்பி, நான்கு கேமராவும் எதையெதைப் பார்க்கின்றன என்று காட்டினேன். இத்தனை வருஷத்தில் அவருக்கு யாரும் காட்டியதில்லை. திண்ணையை அவருக்குத் தெரியும். கூடத்துக் கேமராவின் படத்தில் கண் நின்றது. அவர் தலை துவட்டும் இடம், மத்தியானம் பாய் விரித்துப் படுக்கும் இடம், அப்படியே தெரிந்தது.

“இது எல்லாந் தெரியுமாடி அவனுக்கு?”

“தெரியும் பெரியம்மா.”

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பெரியப்பாவைக் கூப்பிட்டு, ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார்.

“உள்ள இருக்கிறதக் கழட்டிருங்க. திண்ணையில இருக்கிறது இருக்கட்டும். அவன் பாக்கணும்னா நான் அங்கதான வந்து உக்காரப்போறேன்.”