தறி ரூமில் ஒரு விமான இறக்கை!

``வீட்டுலயே கிட் வாங்கி விமானம் கட்டுறாங்களாமே... அதுக்கு என்னென்ன டூல்ஸ் வேணும், என்ன செலவாகும்னு ஒரு ஸ்டோரி பண்ணிடு."

டிஜிட்டல் டெஸ்க்கில் இந்த வேலை என் தலையில் விழுந்தபோது சிரித்துவிட்டேன். குக்கர் மூடி சரியாக மூடவில்லை என்றாலே எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டு அண்ணனைத்தான் கூப்பிடுவோம். நான் விமானம் கட்டுவதைப் பற்றி எழுதுவதா?

அந்தச் சனிக்கிழமை காஞ்சிபுரம் போனபோது, சாப்பிட்டுக்கொண்டே தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய், பரணிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தான். அப்பா சேலை டிசைன் போடும் கிராஃப் நோட்டு. மயிலும் அன்னமும் இருக்க வேண்டிய கட்டங்களில் பக்கம் பக்கமாக விமான இறக்கை வரைந்திருந்தான்!

தம்பிக்கு 22 வயது. பிளஸ் டூ முடித்ததும் ஏரோநாட்டிக்கல் இன்ஜினீயரிங் படிக்க ஆசைப்பட்டான். அந்த வருடம் அப்பாவுக்கு முட்டி வலி அதிகமாகி, நாலு மாதம் தறிக்குழியில் காலை வைக்கவே முடியவில்லை. தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல் சேர்ந்தான். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அதன் பிறகு அவன் விமானம் என்ற வார்த்தையை வீட்டில் சொன்னதே இல்லை. மறந்துவிட்டான் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கிட் விமானம்னா என்ன?

``அக்கா, பொம்மை மாதிரி பெட்டியைப் பிரிச்சு ஒட்டுற வேலைன்னு எழுதிடாதே" என்றுதான் ஆரம்பித்தான்.

இதில் சில வழிகள் இருக்கின்றன. வெறும் வரைபடத்தை மட்டும் வாங்கி, எல்லாப் பாகங்களையும் நாமே செய்வது ஒன்று. வெட்டி, துளையிட்ட பாகங்களை கிட்டாக வாங்கிப் பொருத்துவது இன்னொன்று. பாதி வேலை முடிந்த 'குவிக் பில்ட்' கிட் வாங்குவதும் உண்டு. அதற்குக் காசு அதிகம், நேரம் குறைவு. அமெரிக்காவின் வேன்ஸ், ஜெனித், தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் போன்ற நிறுவனங்கள் கிட் விற்கின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க வேண்டியதில்லை. முதலில் வால், பிறகு இறக்கை, பிறகு உடல் என்று பகுதி பகுதியாகவும் வாங்கலாம். எஞ்சின், புரொப்பெல்லர், கருவிகளுக்குத் தனிக் கணக்கு.

அமெரிக்காவில், வேலையில் பாதிக்கு மேல் கட்டுபவரே செய்திருந்தால்தான் அது 'அமெச்சூர் பில்ட்' விமானம். இதை 51 சதவிகித விதி என்பார்கள்.

``நம்ம ஊர்ல யாராவது செஞ்சிருக்காங்களாடா?"

``1910-லயே செஞ்சிருக்காங்க. அதுவும் மெட்ராஸ்ல!"

மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், 1909-ல் பிளெரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்த செய்தியால் உந்தப்பட்டு, தானே ஒரு விமானத்தை வடிவமைத்தார். கட்டிக் கொடுத்தது, குதிரை வண்டிகள் செய்துவந்த சிம்ப்சன் கம்பெனி. பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் மக்கள் முன்னால் பறந்து காட்டியிருக்கிறார். பொருட்காட்சிக்குப் போய் அப்பளம் சாப்பிட்டுவிட்டு வரும் அதே தீவுத்திடல்!

நம் காலத்தில் மும்பையின் அமோல் யாதவ். விமானியான அவர், காந்திவலியில் தன் வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். இது கிட் இல்லை, அவரே வடிவமைத்தது. 2016 பிப்ரவரியில் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அதைப் பார்வைக்கு வைத்தார். பதிவு கிடைக்க 2017 நவம்பர் ஆகிவிட்டது.

கிட் வாங்கிக் கட்டியவர், ஆலப்புழாவைச் சேர்ந்த அசோக் தாமராக்ஷன். இங்கிலாந்தில் வசிக்கும் இன்ஜினீயர். லாக்டௌன் சமயத்தில் நான்கு பேர் அமரும் ஸ்லிங் விமானத்தை வீட்டிலேயே கட்டினார். சுமார் 18 மாத உழைப்பு. 2022 பிப்ரவரியில் அது முதன்முறையாகப் பறந்தது. இளைய மகள் தியாவின் பெயரை விமானத்துக்கு வைத்து, குடும்பத்தோடு ஐரோப்பாவில் சுற்றினார். செலவு சுமார் 1.8 கோடி ரூபாய் என்று அப்போது செய்திகளில் வந்தது.

என்னென்ன வேணும்?

நோட்டில் நாலு பக்கத்துக்குப் பட்டியல் இருந்தது. டிரில் மெஷின், தகரம் வெட்டும் கத்தரி, அரங்கள், ரிவெட் அடிக்கும் காற்றுத் துப்பாக்கி, மறுபக்கம் முட்டுக்கொடுக்கும் இரும்புக் கட்டை, துளையின் பிசிறை எடுக்கும் கருவி, போல்ட்டை அளவோடு முறுக்கும் டார்க் ரெஞ்ச், கண்ணாடி, காது அடைப்பான். 'கிளீகோ' என்று ஒன்று. ரிவெட் அடிக்கும்வரை இரண்டு தகடுகளையும் துளை வழியே பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் கிளிப் அது. நூற்றுக்கணக்கில் வேண்டுமாம். மடக்கி வைத்த புடவைக்கு ஊசி குத்திவைப்பதுபோல என்று புரிந்துகொண்டேன்.

எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். அலுமினியத் தகட்டில் பென்சிலால் கோடு போடக் கூடாது. பென்சிலில் உள்ள கிராஃபைட் பட்ட இடத்தில் காலப்போக்கில் அரிப்பு வரும். அதனால் மார்க்கர் பேனாதான்.

எல்லாம் உலோகம்தான் என்றும் இல்லை. மரச்சட்டம், இரும்புக்குழாய் மேல் துணி போர்த்தும் விமானங்களும் உண்டு. துணியை ஒட்டி, இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டினால் சுருங்கி, மேளத்தோல்போல விறைப்பாகிவிடும். பிறகு, நீளமான ஊசியில் மெழுகு நூல் கோத்து இறக்கையின் சட்டங்களோடு சேர்த்துத் தைப்பார்கள்.

அதுவரை தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்த அப்பா நாடாவை நிறுத்தினார்.

``துணியா? என்ன துணி?"

``ரைட் சகோதரர்கள் 1903-ல போட்டது காட்டன் துணிப்பா."

``பட்டு போடலையா?"

``அதுவும் போட்டிருக்காங்கப்பா" என்றான் தம்பி. பாரிஸில் வாழ்ந்த பிரேசில்காரர் சாந்தோஸ் துமோன், மூங்கில் உடலும் பட்டு இறக்கையுமாக 'தெமுவாசெல்' என்ற குட்டி விமானத்தைச் செய்தார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று காப்புரிமையும் கேட்கவில்லை. அதன் வரைபடங்கள் 1910-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வெளியாகின.

அப்பா கொஞ்சம் யோசித்தார். ``பட்டு இழைக்கு பலம் உண்டு. ஆனா வெயில் ஆகாதே. அதனாலதான் சேலையை நிழல்ல உலர்த்தச் சொல்றோம். விமானம் வெயில்லதானே நிக்கும்?"

``அதான்ப்பா இப்போ பாலியெஸ்டர் துணி. அதுக்கு மேல வெயில் தாங்குற பூச்சும் அடிக்கிறாங்க."

பல மாதங்களுக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சம்பளம், மருந்து, கேஸ் சிலிண்டர் தவிர வேறொன்றைப் பேசி அன்றுதான் கேட்டேன்.

நான் போட்ட கணக்கு

எங்கள் தறி ரூமில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா. இன்னொன்று சித்தப்பாவுடையது. அவர் நெசவை விட்டுவிட்டு செக்யூரிட்டி வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. அந்தத் தறியைப் பிரித்துவிட்டு, அந்தப் பக்கத்தை மறித்து வாடகைக்கு விடலாம் என்பது அம்மாவின் எண்ணம். தம்பிக்கு அந்த இடம் வேண்டும். நீள அகலம்கூட அளந்து வைத்திருந்தான். சேமிப்பு 1,40,000 ரூபாய் இருக்கிறது, முதலில் வால் பகுதிக்கான கிட்டை மட்டும் வரவழைக்கலாம் என்றான்.

ரிப்போர்ட்டர் புத்தி. பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன்.

இரண்டு பேர் அமரும் உலோக விமானம் ஒன்றைக் கட்ட, பொதுவாக 1,500 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஷிஃப்ட் போக வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்றால் 150 வாரம். கிட்டத்தட்ட மூன்று வருடம். வால் கிட்டுக்கே சில ஆயிரம் டாலர், அதற்கு மேல் கப்பல் கூலி, வரி. புது எஞ்சின் ஒன்றே 15 லட்சம் ரூபாயைத் தாண்டும். கட்டி முடித்தாலும் டி.ஜி.சி.ஏ-வில் பதிவும் அனுமதியும் இல்லாமல் ஓர் அடிகூடப் பறக்க முடியாது. ஓட்ட லைசென்ஸ் வேண்டும். நிறுத்த இடம் வேண்டும்.

``இந்த ஜென்மத்துல நடக்காதுடா" என்றேன்.

தம்பி எதுவும் பேசவில்லை. நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் சொன்ன ஒரு எண்கூடத் தப்பில்லை. ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த எண்கள் எல்லாமே அந்த நோட்டிலேயே, கடைசிப் பக்கத்தில், எனக்கு முன்பே அவன் எழுதி வைத்திருந்தான் என்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை, தறியில் இருந்தபடியே அப்பா கேட்டார்.

``ஏன்டா, அந்த ரிவெட்டுல தப்பு விழுந்தா பிரிக்க முடியுமா?"

தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். ``முடியும்ப்பா. தலையை மட்டும் டிரில் பண்ணி எடுத்துட்டு, மீதியைத் தட்டி வெளியே தள்ளணும். துளை பெருசாகிட்டா அடுத்த சைஸ் ரிவெட் போடணும். அடிச்ச ரிவெட் சரியான்னும் அளக்கலாம். நசுங்கின பக்கம், ரிவெட்டோட குறுக்களவுல ஒன்றரை மடங்கு அகலம், அரை மடங்கு உயரம் இருக்கணும்."

``யாரு பார்த்து சரின்னு சொல்லுவாங்க?"

``மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பகுதியையும் இன்னொருத்தர் பார்க்கணும். போட்டோ எடுத்து, தேதி போட்டு எழுதி வைக்கணும்."

அப்பா தலையாட்டினார். ``கோர்வை வாங்க வந்தப்ப எனக்குப் பத்து வயசு. உடம்பும் கரையும் சேர்ற இடம் மட்டும்தான் அஞ்சு வருஷம் என் வேலை. நாடாவையே தொட விடல. நீயும் முதல்ல ஒரு சாண் செஞ்சு காட்டு. கப்பல்ல அப்புறம் வரட்டும்."

அம்மா குறுக்கே வந்தார். ``தை வரைக்கும்தான். அதுக்கு மேல அந்த இடத்துக்கு வாடகைக்கு ஆள் பார்ப்பேன்."

ஒரு சாண்

பழகுவதற்கென்றே சின்ன இறக்கைத் துண்டு, டூல்பாக்ஸ் மாதிரியான பயிற்சி கிட்களைக் கம்பெனிகள் விற்கின்றன. தம்பி அதையும் வாங்கவில்லை. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் சாதாரண அலுமினியத் தகடு வாங்கினான். விமானத்துக்கான அலுமினியக் கலவை வேறு. இது கை பழக மட்டும். ரிவெட் துப்பாக்கி, கம்ப்ரஸரை ஒரு பழைய வொர்க்‌ஷாப்பில் நாள் வாடகைக்கு எடுத்தான். சித்தப்பா தறியின் மேல் பலகை போட்டு, ஒன்றரை அடி நீளத்தில், மூன்று சட்டம் வைத்து ஒரு இறக்கைத் துண்டு. ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

நான் போயிருந்தபோது அதை அப்பாவிடம் கொடுத்தான். சேலையை வியாபாரியிடம் கொடுப்பதற்கு முன்பு தடவிப் பார்ப்பாரே, அதேபோல விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

``இது?"

``கொஞ்சம் சாஞ்சிடுச்சுப்பா. பெயின்ட் அடிச்சா வெளியே தெரியாது."

``உனக்குத் தெரியுதில்ல?"

தம்பி டிரில்லை எடுத்தான். முதல் தடவை துளை பெரிதாகிவிட்டது. அடுத்த சைஸ் ரிவெட்டைத் தேடி எடுத்து, அப்பா அந்தப் பக்கம் இரும்புக் கட்டையைப் பிடிக்க, இவன் இந்தப் பக்கம் அடித்தான். அப்பா மறுபடி தடவிப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் போய் தறியில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பாராட்டு.

தம்பி விமானம் கட்டி முடிப்பானா? என் கணக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அம்மாவின் தை மாதமும் மாறவில்லை. வாடகைக்கு இடம் கேட்டு ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போயிருக்கிறார். ஆனால், பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள், விமானப் பராமரிப்பு இன்ஜினீயர் லைசென்ஸுக்கான டி.ஜி.சி.ஏ தேர்வுகளை நோக்கிப் போகலாம் என்று ஒரு நாள் அவனாகவே போனில் சொன்னான். இந்தத் தடவை நான் கணக்குப் போடவில்லை. ``பாடத்திட்டத்தை அனுப்புடா, பிரின்ட் எடுத்துட்டு வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். கோடி ரூபாய் கணக்கை எடுத்த எடுப்பில் நீட்டாதீர்கள். பால்சா மரத்தில் ஒரு மாதிரி விமானம், சில நூறு ரூபாய்க்கு ஒரு பாப் ரிவெட் கருவி, இரண்டு துண்டுத் தகடு, கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி... தொடங்க இது போதும். கூடவே, தடவிப் பார்த்து 'இது சரியில்லை' என்று சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும்.

வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய ஸ்டோரியை நான் இரண்டு மாதம் தாமதமாகக் கொடுக்கிறேன். எடிட்டர் மன்னிக்கவும்!