நீலச் சுடர்

சென்ற மார்கழியில், நோயுற்ற முதியவர் ஒருவருக்கு நற்கருணை வழங்கும் பொருட்டு, திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலையேறிப் புதூர்நாட்டிற்குச் சென்றிருந்தோம். இரவாகிவிடவே அவ்வில்லத்திலேயே தங்க நேர்ந்தது. விடியற்காலையில் கடுங்குளிர். சன்னல் கதவுகள் யாவும் அடைக்கப்பட்டிருந்தன. அவ்வீட்டு மருமகள் எரிவாயு அடுப்பில் சாமைக் கஞ்சி வைத்திருந்தார்; அருகில் தொட்டிலில் கைக்குழந்தை உறங்கிக் கொண்டிருந்தது. அடுப்பின் சுடரோ நீலமாக இல்லை. மஞ்சளாக நெளிந்து பானையின் அடியைக் கரியாக்கிக் கொண்டிருந்தது.

"சாமி, சிலிண்டர் முன்போல் நாள் வருவதில்லை, இனி விறகே போதுமென்று இருக்கிறோம்" என்றார் மாமியார். "காலையில் தலை வேறு வலிக்கிறது, சாமி" என்றார் மருமகள் மெல்லிய குரலில்.

நமக்குச் சுருக்கென்றது. நம் பங்கு இல்லத்தில் சமைக்கும் அம்மையாரும் முன்பு ஒரு மாத காலம் இதே குறையைச் சொல்லி வந்தார். நாமோ "பார்க்கலாம், அம்மா" என்று கூறிவிட்டுச் செபப் புத்தகத்தைத் திறந்து கொண்டோம். இறுதியில் அடுப்புப் பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்து, அரைமணி நேரத்தில் அதைச் சீராக்கி, செய்முறையையும் நமக்குக் கற்றுத் தந்தார். அன்று வெட்கத்துடன் கற்றது இன்று உதவிற்று.

முதலில் சன்னல்களைத் திறக்கச் செய்தோம். அடுப்பை அணைத்து ரெகுலேட்டரையும் மூடினோம். கஞ்சிப் பானை வெளியே விறகடுப்பிற்குச் சென்றது. சூடு தணிந்தபின் பித்தளைப் பர்னரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பொங்கி வழிந்த கஞ்சி நாள்தோறும் கருகி இறுகியதால், துவாரங்களில் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தன.

சோப்பு கரைத்த வெந்நீரில் ஒரு கரண்டி சமையல் சோடாவை இட்டு, பர்னர்களை அரைமணி நேரம் ஊறவிட்டோம். ஊறிய கரியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷினால் தேய்த்தோம். பின்னர் குண்டூசியால் ஒவ்வொரு துவாரத்தையும், அது அகன்றுவிடாதபடி, மெல்லத் திறந்தோம். பித்தளையின் கறுப்பை மாமியாரே புளியிட்டுத் துலக்கிவிட்டார். புளியையும் சோடாவையும் ஒன்றாகக் கலப்பதில் பயனில்லை. நுரைதான் மிகும், ஒன்றன் வலிமையை மற்றொன்று கெடுத்துவிடும். அலுமினியப் பாகங்களாயின் காஸ்டிக் சோடாவில் இடவே கூடாது. அது உலோகத்தையே அரித்துவிடும். கழுவிய பர்னரில் ஈரம் சிறிதும் நில்லாதபடி உலர்த்தி, சாய்வின்றி அதன் இடத்தில் பொருத்த வேண்டும். உள்ளிருக்கும் ஜெட்டின் நுண்ணிய துளையை மட்டும் நாம் ஊசியால் குத்தலாகாது. துப்புரவு செய்த பின்னும் சுடர் மஞ்சளாகவே எரிந்தால், பழுதுபார்ப்பவரை அழைப்பதே முறை.

மீண்டும் பற்றவைத்தபோது நீலச் சுடர் வட்டமாக எழுந்தது. மருமகள் சிரித்துவிட்டார்.

இதனைச் சிறு வேலையென்று எண்ணிவிடாதீர்கள். எரிவாயு முழுமையாக எரியக் காற்று வேண்டும். அடைபட்ட பர்னரில் வாயுவும் காற்றும் சீராகக் கலவாமல், அரைகுறையாய் எரிந்து, கரியையும் கார்பன் மோனாக்சைடையும் உண்டாக்கும். கசிவை நாம் உணர்வதற்காகவே சமையல் வாயுவுடன் ஒரு நாற்றப் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலைவலியும் மயக்கமுமாகத் தொடங்கி, அடைத்த அறையில் உயிரையே அது பறிக்கவல்லது. 2007-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்தாலும், 2016-இல் நடுவண் அரசு தொடங்கிய உஜ்வாலா திட்டத்தாலும் எத்தனையோ ஏழை இல்லங்களுக்கு அடுப்பு வந்தது. வந்த அடுப்பைப் பேணும் முறையையும் நாம் ஒருவருக்கொருவர் கற்பித்தல் வேண்டாமா?

1691-இல் இறந்த கார்மேல் சபைச் சகோதரர் லாரன்ஸ், பாரிஸ் நகரத்து மடத்தின் சமையலறையில் பாத்திரங்களுக்கிடையே இறைவனின் பிரசன்னத்தை உணர்ந்து வாழ்ந்தார். அவரைப் பற்றி நாம் பலமுறை பிரசங்கித்ததுண்டு; ஆயினும் ஐம்பது வயது கடந்த பின்னரே பர்னரைக் கையில் எடுத்தோம். "பார்க்கலாம்" என்று நாம் ஒத்திப்போட்ட அந்த ஒரு மாதமும், புகையும் தலைவலியும் சமைத்தவருக்கே உரியனவாயின. சோறு மட்டும் நமக்கு வந்தது.

ஆகவே, அன்பார்ந்த குடும்பத்தாரே, பொங்கி வழிந்ததை அடுப்பு ஆறியவுடன் அன்றன்றே துடைத்து விடுங்கள். அன்று ஈரத்துணிக்கு இணங்குவது, மாதம் கடந்தால் ஊசிக்கும் இணங்காது. வாரத்தில் ஒருநாள் வீட்டு ஆடவரே அப்பணியை ஏற்பாராக. சமைக்கும்போது சன்னல் திறந்திருக்கட்டும். அடுப்படியில் நிற்பவர் "தலை வலிக்கிறது" என்றால், முதலில் எழுந்து சென்று சுடரின் நிறத்தைப் பாருங்கள். அம்முறை மலையிறங்கிப் பங்கு இல்லம் சேர்ந்ததும், நாமும் அதைத்தான் முதலில் பார்த்தோம்.