அரக்கு இழுக்கும் கொட்டிலில்

சீகிரியாக் குன்றைப் பார்த்துவிட்டு இனாமலுவைச் சந்திப் பக்கம் வரும் வீதியோரத்தில் மரவேலைக் கடைகள் இருக்கின்றன. சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக வளையமிட்ட கைத்தடிகளும் சிறு செப்புகளும் அங்கே தொங்கும். பெரும்பாலானவை எனாமல் பெயின்ட் அடித்தவை. ஒரு கடையின் பின்கொட்டிலில் மட்டும் கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது. நான் பார்க்க வந்தது அந்த வேலையைத்தான்.

அடுப்பருகே இருந்த கைவினைஞரான பாஸின் குடும்பம் இதே மாத்தளை மாவட்டத்தின் பல்லே ஹபுவிதவைச் சேர்ந்தது. அரக்கு வேலைக்குப் பேர்போன ஊர். கடைசலில் சுழலும் மரத்தின் மேல் அரக்கைத் தேய்ப்பது ஒரு முறை. சூடான அரக்கை நூலாக இழுத்து மரத்தில் பதித்து, விரல் நகத்தால் கிள்ளி முடிப்பது மற்றது. ஹபுவிதவின் பெருமை இந்த நகவேலைதான். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இதை விவரித்திருக்கிறார். அவர் இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்தவர். பாறையைப் பரிசோதித்துப் பழகிய கண், கைவினைஞர் என்ன செய்கிறார் என்பதோடு எந்தப் பொருளை வைத்து எப்படிச் செய்கிறார் என்பதையும் கவனித்தது. அந்த நூலை நான் மதிப்பது அதற்காகவே.

பாஸ் அரக்கை இடித்து, சீலைப் பையில் இட்டுத் தணலில் காட்டி முறுக்கினார். பை நூல்களின் இடுக்கால் பழுப்பு அரக்கு கசிந்தது. அதை ஒரு குச்சியில் திரட்டி, மறுகுச்சியால் பற்றி இழுத்தார், மடித்தார், மறுபடி இழுத்தார். இழுக்க இழுக்கப் பழுப்பு வெளிறிப் பொன்னிறம் ஏறியது. பிறகு கல்லில் வைத்துச் சிவப்புப் பொடி தூவிச் சுத்தியலால் தட்டினார். முன்பு இதற்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம். இரண்டும் நஞ்சு என்பதால் இப்போது கடைப் பொடி.

பொடி கலந்த உருண்டை எனக்கு முழுச் சிவப்பாகத்தான் தெரிந்தது. அவர் அதை முழ நீளத்துக்கு இழுத்தார். நடுவில் ஓரிடம் மட்டும் மெலிந்து பட்டென்று அறுந்தது.

“இன்னும் நாலஞ்சு தடவ இழுக்கணும் மாத்தயா. இப்பவே மரத்தில வச்சா கோடு கோடாத் தெரியும்” என்றார்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உண்மையில் கலந்ததுதானா? பேராதனையில் பொலிமர் படித்த காலத்தில் இதே கேள்வியைக் கண்ணாடிக் குழாயிடம் கேட்டிருக்கிறேன். இரண்டு பொலிமர்கள் எளிதில் கலப்பதில்லை. நீரும் அற்ககோலும் சேரும்போது மூலக்கூறுகளின் ஒழுங்கின்மை வெகுவாகக் கூடுகிறது. பொலிமரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கு அந்த ஆதாயம் அற்பம். ஒன்றையொன்று கொஞ்சமாவது கவர்ந்தால்தான் சேர்ந்திருக்கும். புளோரியும் ஹகின்ஸும் 1940களின் தொடக்கத்தில் தனித்தனியே இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

கலக்குமா என்று பார்க்கும் சோதனை எளிது, பொறுமைதான் வேண்டும். இரண்டு பொலிமர்களையும், அவற்றின் கலவையையும் ஒரே கரைப்பானில் மிக ஐதாகக் கரைக்கிறோம். வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டியில் உபலோடே பாகுமைமானியை நிறுத்தி, கரைசல் மயிர்த்துளைக் குழாய் வழியே மேற்குறியிலிருந்து கீழ்க்குறிக்கு இறங்கும் நேரத்தை எடுக்கிறோம். தூசி ஒன்று குழாயில் சிக்கினாலும் கணக்குக் கெட்டுவிடும் என்பதால் கரைசலை வடிகட்டியே ஊற்ற வேண்டும். செறிவைப் படிப்படியாகக் குறைத்து அளந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். சங்கிலிகள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அதன் சாய்வு காட்டும். சங்கிலி ஒவ்வொன்றும் கரைசலில் தளர்ந்த நூற்கண்டாகச் சுருண்டு கிடக்கிறது. இரு வகையும் கவர்ந்தால் கண்டுகள் விரிந்து ஓட்டத்தைத் தடுக்கும்; விலக்கினால் ஒடுங்கும். தனித்தனிச் சாய்வுகளிலிருந்து எதிர்பார்க்கும் மதிப்பைவிடக் கலவையின் சாய்வு கூடினால் கலக்கும் என்றும், குறைந்தால் கலக்காது என்றும் கொள்கிறோம். கிரிக்பாமும் வாலும் 1950இல் இதற்கு அடித்தளமிட்டார்கள்.

ஆனால் கரைப்பானும் இதில் ஒரு கட்சிக்காரர். பொலிஸ்தைரீனையும் பொலிவைனைல் மெதைல் ஈதரையும் தொலுயீனில் கரைத்துப் படலமாக உலர்த்தினால் தெளிவாகச் சேர்ந்திருக்கும். குளோரோபோமில் கரைத்து உலர்த்தினால் பிரிந்துவிடும். ஆகவே கரைசலில் கண்டதைப் படலத்தில், அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையைக் கொண்டு சரிபார்க்காத முடிவை நான் ஏற்பதில்லை.

பாஸின் மகள் உயர்தரத்தில் இரசாயனம் படிக்கிறாள். நான் பாஸிடம் இதையெல்லாம் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவள், “அங்கிள், அப்பாட அரக்கையும் அந்தக் குழாயில பார்க்கலாமா?” என்றாள்.

பார்க்கலாம் என்றேன். அரக்கு அற்ககோலில் கரையும். அதன் சங்கிலிகள் மிகக் குட்டையானவை என்பதால் வித்தியாசம் நுணுக்கமாகவே தெரியும். சிவப்புப் பொடி கரையாது, அதை வடிகட்டிவிட வேண்டும். பொடி பரவியதா என்பதற்குக் குழாய் பதில் சொல்லாது, அப்பாவின் இழுப்புத்தான் சோதனை. ஆனால் அதிக நேரம் தணலில் இருந்த அரக்கைப் பிடித்துவிடலாம். சூட்டில் அதன் சங்கிலிகள் தமக்குள் இணைந்து நீளும், பாகுமை ஏறும், கடைசியில் அற்ககோலிலும் கரையாது.

“கருகின அரக்குதானே? அது இழுக்கவே வராது” என்றார் பாஸ்.

“கருகுறதுக்கு முந்தியே தெரியுமா?” என்று கேட்டாள் மகள். தெரியும் என்றேன். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒஸ்வால்ட் பாகுமைமானி ஒன்று இருந்தால் போதும்; ஒரே அரக்கில் ஐந்து துண்டை வெவ்வேறு நேரம் சூடாக்கி, அற்ககோலில் கரைத்து, இறங்கும் நேரத்தை எழுதச் சொன்னேன். எந்தத் துண்டில் இழுப்பு மாறியது என்பதை அப்பாவிடம் கேட்டுப் பக்கத்திலேயே குறிக்கவும் சொன்னேன்.