ஆன் டைமா, இன் டைமா?

பொண்ணுக்கு நாளைக்கு இங்கிலீஷ் டெஸ்ட். "ஆன் டைம், இன் டைம் ரெண்டும் ஒண்ணுதானேப்பா?"ன்னு கேட்டா. நம்மகிட்ட யாராவது சந்தேகம் கேட்டா போதுமே, உடனே வாத்தியார் ஆயிடுவோம் :-)

ஒன்பது மணி ரயில் ஒன்பதுக்கே வந்தா ஆன் டைம். அது கிளம்பறதுக்குள்ள நீ ஸ்டேஷன் போய்ச் சேர்ந்துட்டா இன் டைம். முதலாவது கடிகாரக் கணக்கு. ரெண்டாவது, காரியம் கைவிட்டுப் போறதுக்குள்ள போய்ச் சேர்ற கணக்கு.

தமிழ்லயும் இது இருக்கு. "நேரத்துக்கு வந்தான்", "சமயத்துக்கு வந்தான்" ரெண்டும் வேற வேற இல்லையா? "நேரத்தோட வா"ன்னா இன்னும் முன்னாடியே வான்னு அர்த்தம். கல்யாணத்துக்கு மட்டும் "காலாகாலத்துல"! எங்க ஊர் திருத்தணி, 1960 ஏப்ரல் 1-ல்தான் ஆந்திராவிலிருந்து நம்ம பக்கம் வந்தது. தெருவுல இன்னமும் தெலுங்கு கேட்கும். கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைக்க ஆள் தேடும்போது நான் போய் நின்னா, பக்கத்து வீட்டு அத்தை "சமயானிகி வச்சாவு"ம்பாங்க. அதே சமயம்தான்.

ஊர் பேச்சு வந்ததும் அம்மா ஞாபகம் வந்துடுச்சு.

திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. டிசம்பர் 31 ராத்திரி திருப்படித் திருவிழா. புது வருஷத்தன்னிக்கு வெள்ளைக்கார துரைகளைப் பார்க்கப் போறதுக்குப் பதிலா முருகனைப் பார்க்கட்டும்னு வள்ளிமலை சுவாமிகள் ஆரம்பிச்சு வெச்சது. பஜனை கோஷ்டிகள் படிக்குப் படி பூஜை போட்டு, திருப்புகழ் பாடிக்கிட்டே ஏறுவாங்க.

அம்மாவுக்கு என்கூட முதல் படியிலிருந்து அப்படி ஏறணும்னு ஆசை. எனக்கு வருஷக் கடைசி ஆபீஸ் வேலை. சென்னையிலிருந்து ரயிலைப் பிடிச்சு ராத்திரி பத்துக்கு வருவேன். மலைப்பாதையில ஆட்டோ. பன்னெண்டு மணிக்கு டாண்ணு சந்நிதிக்குப் பக்கத்துல நிப்போம். ஒரு வருஷம் கூட லேட் ஆனதில்லை, அதுல எனக்குக் கொஞ்சம் பெருமை வேற.

2018-ல லீவு போட்டு 31-ஆம் தேதி காலையிலயே போயிட்டேன். "இன்னிக்குப் படி ஏறலாம்மா"ன்னேன். அம்மா கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தாங்க. படியே ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லி ரெண்டு மாசமாம். போன்ல சொல்லவே இல்லை. "சொன்னா நீ என்ன பண்ணுவே? வா, சாப்பிடு"ன்னாங்க.

அன்னிக்கும் ஆட்டோதான். மேல போனதும் சந்நிதிக்குப் போகாம, படி வந்து முடியற இடத்துல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க. ஏறி வர்றவங்களை ஒவ்வொருத்தரா பார்த்துக்கிட்டு அரை மணி நேரம். நான் கூப்பிடலை.

"அப்பா, வாக்கியத்துல அமைச்சுக் காட்டணும், சொல்லுங்க"ன்னு பொண்ணு உலுக்கினா. ரயிலையே திரும்பச் சொல்லி எழுத வெச்சேன்.