பெட்டகத்து வெள்ளியும் தகரப்பெட்டி வெள்ளியும்

கண்டிக் கடைவீதியிலே பழைய வெள்ளி ரூபாயைத் தராசிலிட்டு நிறுப்பதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னனின் தலை பொறித்த அந்நாணயம் எந்த ஆண்டினது, எங்கே அடிக்கப்பட்டது என்று வினவுவார் இலர். எடையே பேசும் வழக்கம் இவ்வூருக்குப் புதிதன்று. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபதாண்டு சிறையிருந்த ரொபேட் நொக்ஸ், தூண்டில் முள் வடிவான வெள்ளி நாணயத்தை அரசனின் அனுமதியுடன் எவரும் செய்யலாம் என்றும், தீயிலிட்டுச் சோதித்து வெண்மை கண்டாலே அது செல்லும் என்றும் எழுதியுள்ளான்.

ஆனால் இந்த ரூபாயின் பூர்விகம் கண்டியையும் கல்கத்தாவையும் கடந்து செல்வது. 1878இல் அமெரிக்க அரசாங்கம், மாதந்தோறும் இருபது இலட்சம் டொலருக்குக் குறையாத வெள்ளியை வாங்கி நாணயமாக்க வேண்டுமெனச் சட்டம் செய்தது. கடன்பட்ட உழவரும் அதனைக் கேட்டனர். கொழுத்தவர் சுரங்க முதலாளிகள். கனத்த அந்நாணயத்தை மக்கள் விரும்பவில்லை. மூட்டை மூட்டையாக அது பெட்டகங்களில் உறங்கிற்று. முதல் உலகப்போரின்போது, இந்திய மக்கள் காகித நோட்டை நம்பாது வெள்ளி கேட்டு நெருக்கினர். பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் மானங் காக்க, 1918ஆம் ஆண்டின் பிட்மன் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 27 கோடி டொலர் நாணயங்கள் உருக்கப்பட்டன. அவ்வெள்ளியின் பெரும்பகுதி இந்தியா வந்தது. இந்திய ரூபாய் அன்று இலங்கையிலும் செல்லுபடியான பணம். ஆகவே கலகாவிலோ தெல்தோட்டையிலோ கொழுந்து பறித்த பெண்ணொருத்தி காது ஒட்டிக் கழுத்திலணிந்த ரூபாயில், நெவாடாச் சுரங்கத் தொழிலாளியின் வியர்வையும் கலந்திருக்கக் கூடும்.

உருகாது எஞ்சியவற்றின் கதை வேறு. நியூ ஓர்லியன்ஸ் நாணயச்சாலையில் 1903இல் அடிக்கப்பட்ட டொலர், சேகரிப்போர் கண்ணில் அரிதிலும் அரிது. புழங்காத நாணயமொன்றுக்கு விலைப்பட்டியல் 1500 டொலர் காட்டிற்று. 1962 இறுதியில், நத்தார்காலத் தேவைக்கென்று பிலடெல்பியாவிற் பெட்டகமொன்றைத் திறந்தபோது அதே நாணயம் மூட்டைகளாக வெளிவந்தது. விலை 30 டொலரளவுக்குச் சரிந்தது! 1964 மார்ச்சில் விநியோகம் நிறுத்தப்பட்டது. எஞ்சிய ஏறத்தாழ 30 இலட்சம், பெரும்பாலும் கார்சன் நகரத்து நாணயங்கள், 1972 முதல் 1980 வரை அரசாங்கத்தாலேயே விற்கப்பட்டன.

அதுவரை அடித்த தொகையைப் பார்த்தே அருமையைக் கணித்தவர்கள் திகைத்தனர். எத்தனை உருகின, எத்தனை உறங்குகின்றன என்று எவர் அறிவார்? சம்பளக்காரனும் மாணவனும் வெள்ளி டொலரை வாங்க முடிந்தது. வணிகர் சும்மா இருப்பரோ? தோற்றப் பொலிவுக்கு 70 வரை புள்ளியிட்டனர். 1980களில் நாணயத்தைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரையிடவும் தொடங்கினர். ஒரே ஆண்டின் ஒரே நாணயம், ஒரு புள்ளி கூடினால் பன்மடங்கு விலை பெற்றது. அருமை, நாணயத்தை விட்டுப் புள்ளிக்குக் குடிபெயர்ந்தது.

மலையகத்து வெள்ளியும் ஒரு புதையலே. வங்கி எட்டாத தொழிலாளிக்கு லயத்துத் தகரப்பெட்டியே வங்கி. அது திறக்கப்பட்டது நத்தாருக்கன்று. மகப்பேற்றுக்கும் சாவீட்டுக்கும், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் தலைமன்னாரிற் கப்பலேறும் வழிச்செலவுக்கும் என்று எமது மாணவரின் பாட்டிமார் கூறுவர். அங்கே அரசாங்கம் திறந்தமையால் நாணயம் நாணயமாகவே வெளிவந்தது. இங்கே வறுமை திறந்தமையால் அது உலைக்களம் புகுந்தது. தப்பியவற்றையும், காது ஒட்டியதால் பழுதுபட்டவை என்று சேகரிப்போர் ஒதுக்குகின்றனர். அந்த ஒட்டுத்தான் அதன் சரித்திரம் என்பது எமது கட்சி.

வகுப்பு மாணவர் சிலரை, வீட்டில் எஞ்சிய ரூபாய்களின் ஆண்டையும் குறியையும் எழுதிவரப் பணித்துள்ளோம்: அடியிற் சிறு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையேல் கல்கத்தா. அணிந்தவர் யார், எந்தத் தோட்டம், விற்றவை எக்காரணத்தால் விற்கப்பட்டன என்பவற்றுக்கும் நிரல்கள் விட்டோம். கடைசி நிரலே முதலில் நிரம்புகின்றது.