அப்பத்தாவின் பெயர்

என் கல்யாணப் பத்திரிகையில் அப்பத்தா பெயரைப் போட நான் விடவில்லை. 'குப்பம்மாள்' என்று அச்சடித்தால் கூட வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்று அடம்பிடித்து, 'லட்சுமி அம்மாள்' என்று மாற்ற வைத்தேன். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரிகையை வாசிக்கச் சொல்லிக் கேட்டவர், "யாரு தாயி இந்த லட்சுமி?" என்றார்.

அன்று இரவு அப்பாதான் சொன்னார். அப்பத்தாவுக்கு முன் பிறந்த மூன்று குழந்தைகளும் தங்கவில்லை. நான்காவதாகப் பிறந்தவரை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிட்டு, அவருடைய அம்மா ஒதுங்கி நின்றாராம். பக்கத்து வீட்டம்மா எடுத்து வர, ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கினார்களாம். குப்பையில் கிடந்ததை எமன் சீண்டமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

குப்புசாமி, தவிட்டம்மாள், பிச்சை என்ற பெயர்களும் பல வீடுகளில் இப்படி வந்தவைதான். மூக்குக் குத்தினால் உயிர் தங்கும் என்று ஆண் பிள்ளைக்கும் குத்தி, மூக்கன் என்று பெயர் வைத்தார்கள். தடுப்பூசியும் ஆஸ்பத்திரியும் எட்டாத காலத்தில், பிள்ளையைக் காப்பாற்ற அந்தத் தாயிடம் இருந்தது ஒரு பெயர் மட்டும்தான்.

மறுநாள் அப்பத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதனால என்ன தாயி, நீ நல்லாயிருக்கணும்" என்று நெட்டி முறித்தார்.

போன வருடம் எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழா. அப்பத்தா இப்போது இல்லை. 'அமரர் குப்பம்மாள் ஆசியுடன்' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சகத்துக்காரர், "பேரு சரிதானாம்மா?" என்று கேட்டார்.

"ஒரு எழுத்துகூட மாத்திடாதீங்கண்ணே" என்றேன்.